தபாலில் வந்த பத்திரிகை

அந்தியூர்
20.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் நந்திதா எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீங்கள், அம்மா, மிதுன், தோட்டத்து மாடு கன்று எல்லாம் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இந்த வெயிலுக்குக் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் போதுகிறதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வேறு என்ன செய்வது? ஜனவரியில் நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட செய்தி காரமடைக்கு வந்த அன்றே மிதுனைக் கூப்பிட்டு உங்கள் போனில் என் நம்பரைத் தடுத்து வைக்கச் சொல்லிவிட்டீர்களாம். கடிதத்தைத் தடுக்கும் வித்தை அவனுக்கு இன்னும் தெரியாது.

மிதுனுக்கு ஆனைமலையில் பெண் அமைந்திருப்பதாக அம்மா சொன்னாள். அக்ஷிதா என்று பெயராம், தை மாதம் கல்யாணமாம். கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் நிற்கவில்லை. கூடவே ஒரு பயமும் வந்தது. உங்கள் கல்யாணப் போட்டோ ஒன்று நம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறதே, கூறைச் சேலையின் ஒரு நுனியை அத்தையும் மறு நுனியை நீங்களும் பிடித்துக்கொண்டு நிற்பது. "புதுசா பொண்டாட்டி வந்தாலும் கூடப் பொறந்தவள உட்டுப்போட மாட்டேன்னு சபையில சொல்றதுதான் இணைச்சீரு" என்று சிறுபிள்ளையில் என்னைத் தூக்கி அந்தப் படத்தைக் காட்டியது நீங்கள்தான்.

மிதுனுக்கு நான் நிற்கலாமா, அப்பா? ஒரே தம்பிக்கு ஒரே அக்கா. இதைக் கேட்க வேண்டிய நிலை வந்ததே என்று எனக்கு அழுகை வருகிறது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

என் சிநேகிதரும் உங்களை விசாரித்தார். யாரென்று உங்களுக்குத் தெரியும்.

பிரியமுள்ள மகள்
நந்திதா


காரமடை
12.5.2024

நந்திதாவுக்கு,

செங்கோடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

தபால்காரர் கையில் நீட்டினால் வாங்காமல் இருக்க முடியவில்லை. அதனால் படித்தேன். படித்ததனால் பதில் எழுதுகிறேன். அம்மா உன்னோடு மாட்டுக் கொட்டகையில் நின்று போனில் பேசுவது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

இணைச்சீருக்கு வழி இருக்கிறது. குலதெய்வம் கோயிலுக்கு வா. உன் பெரியப்பாவும் பங்காளிகளும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் விபூதி பூசிக்கொண்டு, "தெரியாமச் செஞ்சுபோட்டேன், அந்தச் சாமிக்கும் எனக்கும் ஒண்ணுமில்லீங்க" என்று ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான். அதற்குமேல் யாராவது உன்னை ஒரு சொல் சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

முடியாது என்றால் பெரியப்பா மகள் நித்யஸ்ரீ நிற்பாள். அவளும் மிதுனுக்குத் தங்கை முறைதான்.

இன்னொன்று. இனி எழுதும் கடிதத்தில் அந்தச் சிநேகிதரைக் கொண்டுவராதே.

செங்கோடன்


அந்தியூர்
26.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் பாதி சந்தோஷம். மீதிப் பாதியை உள்ளே எழுதியிருந்தது எடுத்துக்கொண்டது.

நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்கு வந்து உங்கள் பின்னால் நிற்கச் சொன்னால் நிற்பேன். பெரியப்பா திட்டினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் "அவருக்கும் எனக்கும் ஒண்ணுமில்லை" என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

எனக்கு யாரும் அரிசி மூட்டை கொடுத்து ஆள் பிடிக்கவில்லை, அப்பா. மூன்று வருடத்துக்கு முன் என் குழந்தை வயிற்றிலேயே போனதே, அப்போது ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாரும் அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்றார்கள். போனதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கோ அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் கயல்விழி என்று ஓர் அக்கா. அவள் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "இயேசப்பா, இந்தப் புள்ளைக்குப் பக்கத்துல செத்த நேரம் உக்காந்திருங்க" என்று மட்டும் கேட்டாள். அவர் உட்கார்ந்தார். இன்றுவரை எழுந்து போகவில்லை. நான் பேசுவேன், அவர் கேட்பார். குழந்தையின் பெயரை நான் சொன்னது அவரிடம் மட்டும்தான். எங்களுக்குள் இருக்கிற சிநேகிதம் அவ்வளவுதான், அவ்வளவும்தான்.

நீங்கள் இதைப் புரிந்துகொள்வீர்கள் என்று நான் நம்புவதற்குக் காரணம் மாசாணம் மாமா. ஊர் டீக்கடையில் அவர் சாதி ஆட்களுக்கு வேறு கிளாஸ் வைத்திருந்த காலத்தில், உங்கள் கிளாஸை அவரிடம் நீட்டி இருவரும் குடித்தீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். "அவன் என்ற பண்ணையத்து ஆளு, சிநேகிதனெல்லாம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு, உட்டுடறோம்" என்று பெரியவர்கள் கேட்டார்களாம். "சிநேகிதன்தானுங்க" என்றீர்களாம். அதற்காக ஒரு வருடம் நம் வீட்டுக்குச் சொந்தபந்தம், ஒறம்பரை என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது என்னிடம் நீங்கள் கேட்கிறீர்கள். நான் உங்கள் மகள் இல்லையா?

அவரைக் கொண்டுவராதே என்றீர்கள். கடிதம் முழுக்க அவராகவே ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நந்திதா


அந்தியூர்
14.7.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அம்மா சொன்னாள். அது போதும்.

இங்கே எல்லாம் நலம். என்னிடம் கணக்கு டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் இப்போது வருவதில்லை, அதனால் சாயங்காலத்தில் வீடு அமைதியாக இருக்கிறது. வாசல் கேட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தோம். நீலம். உங்கள் மாப்பிள்ளையின் மோட்டார் ரிப்பேர் கடை வழக்கம்போல. ஞாயிறன்று என்னைச் சபைக்கு வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்து, முடிந்ததும் கூட்டிப் போகிறார். உள்ளே வரச் சொன்னால், "நான் முருகன்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்பார். முருகன் இன்னும் பதில் சொல்லவில்லையாம்.

அடுத்த மாதம் இங்கே ஆடிச் சந்தை. குதிரையும் மாடுமாக ஊர் நிறைந்துவிடும். வருகிறவர்களுக்கு எங்கள் சபையில் ஐந்தாறு பேர் சேர்ந்து சந்தைச் சாலையில் மோர் கொடுக்கப் போகிறோம். பிரசங்கம், நோட்டீஸ் எதுவும் இல்லை. மோர் மட்டும்தான். முன்பெல்லாம் காளை பார்க்க வருவீர்களே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கண் மருந்து தீர்ந்திருக்கும், மிதுனிடம் சொல்லுங்கள்.

நந்திதா


காரமடை
18.8.2024

நந்திதாவுக்கு,

செங்கோடன் எழுதுவது. எல்லாரும் சுகம்.

சந்தைக்கு நான் வரவில்லை. நம் ஊரிலிருந்து போனவர்கள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

மோரில் உப்பு தூக்கலாக இருந்ததாம். இஞ்சி போதவில்லையாம். நீ இளைத்திருக்கிறாயாம். கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்தும் அடியில் தாரில் எழுதிய எழுத்து இன்னும் தெரிகிறதாம். "மதம் மாறியவள் வீடு" என்று எழுதியிருந்ததாம். அது ஏன் உன் கடிதத்தில் இல்லை?

சந்தையில் நாலு பேர் வந்து, மோரில் மதத்தைக் கலக்கிறார்கள் என்று சத்தம் போட்டு அண்டாவைக் கவிழ்த்தார்களாம். நீ சண்டைக்குப் போகாமல் அண்டாவை நிமிர்த்திக் கழுவி, அடுத்த அண்டாவைத் திறந்து, கவிழ்த்தவனையே கூப்பிட்டு, "நீங்களும் குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்றாயாம். அதற்குப் பெயர் தைரியமா, ரோஷம் கெட்ட தனமா என்று எனக்குப் புரியவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் கொடுப்பதாக இருந்தால் உப்பைக் குறை.

செங்கோடன்


அந்தியூர்
27.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சுகம். நிஜமாகவே சுகம். உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நம் ஊரிலிருந்து வந்தவர்களில் ஒருவரைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். அண்டாவைக் கவிழ்த்தவர்கள் எதிரிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யார் வந்து குடிப்பார்கள் பார்க்கலாம் என்று. ஒருவரும் கிட்டே வரவில்லை. "நீங்க பக்கத்துல இருக்கீங்கதானே" என்று என் சிநேகிதரைக் கேட்டுக்கொண்டேன். அப்போது தலையில் துண்டைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கையை நீட்டினார். கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. பம்ப்செட் ரூம் கதவு நசுக்கிப் பிளந்த நகம் அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும். அன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டவள் நான்தான்.

முதல் தம்ளரைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த நாலு பேரையும் பார்த்துக்கொண்டே இரண்டாவது தம்ளர் கேட்டார். அதற்குப் பின்னால் கூட்டம் தாங்கவில்லை.

அவர் முகத்தை மறைத்துக்கொண்டு வந்ததால் மரியாதைக்கு நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உப்பு கூடியதற்குக் காரணம், ஊற்றும்போது நான் அழுதுகொண்டிருந்தேன்.

கேட்டைப் பற்றி எழுதாதது, நீங்கள் கவலைப்படுவீர்கள் என்றுதான். கடிதங்களில் நாங்கள் நலம் என்று எழுதியது பொய் இல்லை. இதெல்லாம் நடந்தும் நலமாகத்தான் இருந்தோம்.

அந்தப் பெரியவரை என் சிநேகிதர் ரொம்பவும் விசாரித்தார்.

நந்திதா


காரமடை
10.11.2024

நந்திதாவுக்கு,

எல்லாரும் சுகம்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. இத்துடன் இருக்கிறது. பங்காளிகள் எல்லாரும் கூடிப் பேசினார்கள். இணைச்சீருக்கு நித்யஸ்ரீ நிற்கிறாள். நீ வரலாம். மேடைக்கு வர வேண்டாம்.

செங்கோடன்


அந்தியூர்
18.11.2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

மருமகன் தனபால் எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். அதற்குமேல் கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

நம் பக்கத்தில் உரம் விற்கிறவனுக்குக்கூடக் கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கோடு தட்டத்தில் வைத்து, "குடும்பத்தோட வந்துபோடோணுமுங்க" என்று சொல்லிக் கொடுப்போம். மாப்பிள்ளையின் கூடப் பிறந்த அக்காளுக்கு, வீட்டு மருமகனுக்கு, ஐந்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறீர்கள். தபால்காரர் அதை வாசலில் வீசிவிட்டுப் போனார். தார் பூசியவர்கள்கூட இவ்வளவு தூரம் எங்களை அவமானப்படுத்தவில்லை, மாமா.

நான் போக வேண்டாம் என்றேன். அவள் ஒரு பகல் முழுக்க அழுதாள். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. சாயங்காலம் எழுந்து முகம் கழுவி, அக்ஷிதாவுக்கு என்று எடுத்து வைத்திருந்த சேலைக்கு முந்தானைக் குஞ்சம் கட்ட உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஜெபம் செய்தாள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் செய்தாள். உங்கள் அண்ணன் பெயரைச் சொல்லியும் செய்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு முழங்கால் வலி வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்த நேரம் அது.

நான் அவளுடைய சாமியைக் கும்பிடுகிறவன் இல்லை. ஆனால் டியூஷன் பிள்ளைகளை நிறுத்தினவர்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பரீட்சை என்றதும் ஓடிப்போய்க் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாளே, அந்தத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எனக்குச் சோறு கிடையாது.

தனபால்


அந்தியூர்
21.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். பத்திரிகை வந்து சேர்ந்தது. மிதுன் பெயர் பெரிய எழுத்தில் அழகாக இருக்கிறது.

வருகிறோம். மேடைக்கு வரமாட்டேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து தம்பியைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவோம். எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ரொம்பவும் வலிக்கிறது. ஆனால் நான் தனியாக உட்காரப் போவதில்லை. என் சிநேகிதர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகியவர்.

நித்யஸ்ரீக்குச் சேலை நுனியை எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லிக் கொடுங்கள். அவள் பதற்றக்காரி.

நந்திதா


காரமடை
9.12.2024

அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. எல்லாரும் சுகம். நான் மட்டும் கொஞ்ச நாளாகச் சுகமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையின் கடிதமும் உன் கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் திட்டியது தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது. நீ திட்டாததுதான் தாங்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை பெரியப்பா பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண் மண்டபத்துக்கு வந்து ஏதாவது பேசினால் என்ன செய்வது என்று ஆரம்பித்து, கடைசியில், "தம்பி, அவ என்ற புள்ளையே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. நாங்க முன்னால நின்னு கண்ணாலத்த நடத்திப்போடறோம்" என்றார்.

நந்திதா, அந்த வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதே டீக்கடைச் சத்தம். அதே அண்ணன்தான், அப்போது தலை கறுப்பு.

வாசலில் மாசாணம் டெம்போவில் கறிவேப்பிலைக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தான். அவர்கள் போனதும் உள்ளே வந்தான். நீ எழுதிய பழைய கதையை அவனிடம் சொன்னேன், மகள் என்னைப் பெருமையாக எழுதியிருக்கிறாள் என்று. அவன் சொன்னது இது: "ஒறம்பரை வராதது உனக்கு. அடி உழுந்தது எனக்கு. அந்தக் கிளாசுல என்ற வாயும் பட்டுச்சல்லோ. நான் மட்டும் செங்கோடன் யாருன்னே தெரியாதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கு முதுகு தப்பிச்சிருக்கும். சொல்லலையே. இப்ப உன்ற புள்ளையும் சொல்லமாட்டேங்குது. நீ எந்தப் பக்கம் நிக்கறேன்னு யோசிச்சுக்க."

எனக்காக அடி வாங்கினவன் பக்கத்தில் இருக்கும்போதே மறந்துபோயிருக்கிறேன்.

மறுநாள் அருமைக்காரரைப் போய்ப் பார்த்தேன். கல்யாணச் சீரெல்லாம் செய்து வைக்கிறவர் அவர்தானே, அவருக்குத் தெரியாத முறையா? "இணைச்சீருக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன். "அக்கா வேணும், தம்பி வேணும், ஒரு சேலை வேணும். வேற என்னத்தைக் கேக்கற?" என்றார். "அக்கா விபூதி பூசாதுங்களே?" என்றேன். "சேலை புடிக்கறது கையி, நெத்தி இல்லையே" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம், உன் ஆராதனை முடிந்த பிறகு, வீட்டில் இருங்கள். நானும் அம்மாவும் தட்டத்தோடு வருகிறோம். மாசாணம் வண்டி ஓட்டுகிறான். மறுநாள் மார்கழி பிறந்துவிடும், அதற்குள் அழைத்துவிட வேண்டும். தபாலில் வந்த பத்திரிகையை என் கையில் கொடுத்துவிடு. அதை நானே கிழிக்க வேண்டும்.

சந்தைக்கு வந்தது நான்தான். உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதினேன்.

அப்பா


அந்தியூர்
10.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த பலகாரத்தில் பாதியை உங்கள் மாப்பிள்ளை பவானி தாண்டுவதற்குள் தீர்த்துவிட்டார். மிதுனும் அக்ஷிதாவும் மறுவீடு போய் வந்தார்களா?

கல்யாணத்தில் நீங்கள் மேடையில் நின்றீர்கள். கீழே இருந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் மண்டபத்துக்குள் வந்தபோது பெரியப்பாவும் பங்காளிகளும் மேடைப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் தட்டத்தோடு வந்து அழைத்திருந்தும் எனக்குப் பயம் விட்டுப்போகவில்லை. என்னால் தம்பி கல்யாணத்தில் சண்டை வேண்டாம் என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன். "நீங்க பாத்துக்கோங்க" என்று என் சிநேகிதரிடம் சொல்லிவிட்டுக் கையை மடியில் கட்டிக்கொண்டேன்.

மைக்கில் உங்கள் குரல் வந்தது. "என்ற புள்ளை நந்திதா எங்கிருந்தாலும் மேடைக்கு வாங்க, அம்மணி. தம்பி காத்துக்கிட்டிருக்கறான்." மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. எழுந்தேன். கால் தானாக நடந்தது. பெரியப்பா, "தம்பி, அவ ஏறுனா நாங்க எறங்கறோம்" என்றார்.

நீங்கள் கோபப்படவில்லை. கையைக் கூப்பி, "இவ என்ற புள்ளைங்கண்ணா. இவ கும்புடற சாமி வேற, நாம கும்புடற சாமி வேற. அதுக்காக என்ற ஊட்டுச் சீரு நிக்காதுங்க. நீங்க எறங்கறதுன்னா எறங்குங்க. சோறு தயாரா இருக்குது, சாப்புட்டுப் போங்கண்ணா" என்றீர்கள்.

அப்பா, அது நான் சந்தையில் மோர் கொடுத்துச் சொன்னதல்லவா! ஆறு மாதம் யோசித்து, தைரியமா ரோஷம் கெட்ட தனமா என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். பெரியம்மா மட்டும் போகவில்லை, நாற்காலியில் இன்னும் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். நித்யஸ்ரீ கூறைச் சேலையோடு என் பக்கம் ஓடிவந்து, "அக்கா, புடி. எனக்குக் கையெல்லாம் வேர்க்குது. இது உன்ற எடம்" என்று நுனியை என் கையில் திணித்தாள். மறு நுனி மிதுன் கையில். அவன் சின்னப் பையன் மாதிரி விசும்பி விசும்பி அழுதான். விபூதித் தட்டு என் பக்கம் வந்தபோது, நீங்கள் அதை உங்கள் பக்கம் இழுத்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, அடுத்தவருக்கு நகர்த்திவிட்டீர்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். முன் வரிசையில் மாசாணம் மாமா வெள்ளைச் சட்டையில் காலை நீட்டி உட்கார்ந்து, தானே கல்யாணத்தை நடத்துவதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் ஜெபம்கூடச் செய்யவில்லை. சிரித்துக்கொண்டே நின்றேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு வருடம் என்னை எல்லாரும் கைவிட்டபோது கைவிடாதவர், உங்கள் எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார். நான் எதையும் மறுக்கவில்லை, எதையும் இழக்கவில்லை. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

மறுநாள் காலைப் பந்தியில் பெரியப்பா வந்து உட்கார்ந்ததையும், நீங்களே இலை போட்டு அவருக்கு இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றியதையும் பார்த்தேன். கிளம்பும்போது பெரியம்மா என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "உன்ற சிநேகிதர்கிட்ட என்ற இடுப்பு வலிக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை, கண்ணு. பெரியப்பனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள். சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நகத்துக்கு மஞ்சள் தடவுங்கள், பனியில் வெடிக்கும்.

பிரியமுள்ள மகள்
நந்திதா


காரமடை
20.2.2025

அன்புள்ள அம்மணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மிதுன், அக்ஷிதா எல்லாரும் சுகம். மாடு கன்று ஈன்றிருக்கிறது, காளைக் கன்று. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவருடைய கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றும் சொல்.

உன் நம்பரை மிதுன் திறந்துவிட்டான். அம்மா இப்போதும் மாட்டுக் கொட்டகையில் போய்த்தான் பேசுகிறாள், பழகிவிட்டதாம். நீ போனிலும் பேசு, கடிதமும் எழுது. தபால்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அடுத்த மாதம் வந்து கேட்டைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறோம், நானும் மாசாணமும். தாரை மண்ணெண்ணெய் போட்டு எடுக்க வேண்டும். மேலே மேலே பூசினால் போகாது. ஆடிச் சந்தைக்கும் வருகிறேன். துண்டு தோளில் இருக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கும்பிடுகிற சாமி மாறவில்லை. நீயும் அதை எதிர்பார்க்க வேண்டாம். எதிர்பார்ப்பாய் என்று தெரியும், அது உன் இஷ்டம்.

ஆனால் கடிதம் எழுதினால் அந்த வீட்டில் இருக்கிற எல்லாரையும் விசாரிப்பது நம் மரியாதை. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்பது நம் குடும்பத்தில் வழக்கம் இல்லை. உன் வீட்டில் ஒருவர் முதல் கடிதத்திலிருந்தே என்னை விசாரித்தார். நான் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. சந்தையில் என் மகள் பக்கத்தில் நின்றதும் அவர்தான், கடைசி வரிசையில் உட்கார்ந்ததும் அவர்தான். நான் நின்றிருக்க வேண்டிய இடம் அதெல்லாம்.

உன் சிநேகிதரை அப்பா விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு
உன் அப்பா
செங்கோடன்